தோட்டத்தில் அடித்த முளைக்குச்சி

கடலோரச் சாலையின் கடைசி வீடு (போன வருடம் கடைசிக்கு முந்தியது),
ஸ்கெல்தார்ப், யார்க்‌ஷயர்.

அன்பும் மரியாதையும் நிறைந்த டோரீன் அக்காவுக்கு, தம்பி நெவில் எழுதுவது. இங்கு நானும் மார்ஜரியும் சுகம். வீடும் இன்று காலைவரை சுகம். அங்கு நீ நலம்தானா, அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா என்று அறிய ஆவல். நீ அனுப்பிய பழக் கேக் வந்து சேர்ந்தது. அதை யார் சாப்பிட்டார்கள் என்பதைக் கீழே எழுதுகிறேன், வயிறு எரியும்.

விஷயம் உன் மருமகளைப் பற்றியது, அதாவது நான் பெற்ற ஹெட்டியைப் பற்றியது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இந்த இரண்டு வருடப் படிப்பில் அவள் புவியியல் எடுத்தபோது எனக்குச் சந்தோஷம்தான். நம் காலத்தில் புவியியல் என்றால் எந்த நாட்டில் தகரம் கிடைக்கும், எந்த ஊரில் கம்பளி நெய்கிறார்கள் என்பதோடு முடிந்தது. இப்போது அது கடல் அரிப்பு என்ற பெயரில் என் கொல்லைக்குள்ளேயே வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்து இறங்கி, என் வேலிமேல் சாய்ந்து சாண்ட்விச் தின்று, கழிப்பறையைக் கேட்டு, நான் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போதே ஆசிரியர் என் வீட்டைக் கைகாட்டி, "நீங்க உங்க பிள்ளைகளோட வரும்போது இது இருக்காது" என்று பாடம் நடத்துவார். ஹெட்டியின் பாடப்புத்தகத்தில் நம் வீட்டின் புகைப்படமே இருக்கிறது. 'பாதுகாக்கப்படாத கடற்கரை' என்று கீழே போட்டிருக்கிறார்கள். கொடியில் தொங்கும் என் உள்ளாடைகளும் பாதுகாக்கப்படாமல்தான் தெரிகின்றன. நாடு முழுக்கப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள்.

இவர்கள் எல்லோரும் தனித்தனியாக ஒரு கேள்வியை எடுத்து, நேரில் ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டுமாம். அந்த மதிப்பெண்ணும் சேர்ந்தால்தான் பல்கலைக்கழகத்தில் இடம். உலகத்தில் எத்தனை எரிமலை இருக்கிறது, எத்தனை பாலைவனம் இருக்கிறது. இவள் எடுத்த கேள்வி, 'கடலோரச் சாலையைக் காப்பாற்றுவது தகுமா?' பிறகு சமையலறையிலேயே எனக்கு எதிரே உட்கார்ந்து என்னைப் பேட்டி கண்டாள்.

"ஐயா, இந்த இடத்துல நீங்க எத்தனை வருஷமா குடியிருக்கீங்க?"

"உன்னைப் பெத்ததுக்கு முந்தின வருஷத்துலேர்ந்து. என்னடி இது ஐயா?"

"எல்லாரையும் ஒரே மாதிரிதான் கேக்கணும். வருஷத்தைச் சொல்லுங்க. இந்த இடத்துமேல உங்களுக்கு எவ்வளவு பற்று? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள."

"அஞ்சு. அதுக்கு மேல இருந்தா அதையும் எழுதிக்கோ."

"அதுக்கு மேல கட்டம் இல்லப்பா."

அதோடு விட்டாளா? கோழிக்கூட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முளைக்குச்சியை அடித்து, அதிலிருந்து கடலோர மேட்டின் விளிம்பு வரை மாதாமாதம் நாடா பிடித்து அளந்தாள். அக்கா, நான் என்ன மரமா, பார்த்துக்கொண்டு நிற்க? பக்கத்து ஊரில் ஐஸ்கிரீம் கடைகளைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அது மணலை அங்கேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. இங்கே மணல் வராததால் எங்கள் களிமண்மேடு இன்னும் வேகமாகப் போகிறது. எங்களுக்கு நகராட்சி வைத்திருக்கும் திட்டத்தின் பெயர் 'தலையிடாமை'. சும்மா இருப்பதற்கு ஒரு திட்டம், அதற்கு ஒரு அதிகாரி, அவருக்கு ஒரு கார். ஆகவே மண் சரியும்போதெல்லாம் நான் போய் முளையைப் பிடுங்கி, போன அளவுக்கு வீட்டுப் பக்கம் நகர்த்தி அடித்துவிட்டேன். அவள் கணக்கில் ஒரு சாண்கூடக் குறையவில்லை. மகள் கட்டுரையே வீடு நிற்கும் என்று சொல்லட்டும், அதை நகராட்சிக்காரர் மூஞ்சியில் காட்டலாம் என்று நினைத்தேன்.

யார்க்‌ஷயர்க் கரையே கரையும்போது ஒரு தோட்டம் மட்டும் அசையவில்லை என்றால் சும்மா விடுவார்களா? அவளுடைய ஆசிரியை மிஸ் ஆக்ராய்ட் அதிசயத்தைப் பார்க்க வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உன் கேக்கைத் தீர்த்தது அந்தக் கூட்டம்தான். முளை அப்போது பின்கதவுப் படியோரம், பால் புட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இது முதல்ல கோழிக்கூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு, இல்லீங்களா? கோழிக்கூடு எங்க?" என்றார் ஆசிரியை.

"கடலுக்குப் போயிடுச்சு."

"அப்போ முளை மட்டும் எப்படி இங்க வந்துச்சு?"

"பயந்திருக்கும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அளவு பொய் என்றால் கட்டுரை முழுவதும் செல்லாது என்றார் ஆசிரியை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையின் படிப்பையே கவிழ்த்துவிட்டேனே! ஆனால் ஹெட்டி அசையவில்லை. "டீச்சர், சமையலறைச் சுவத்துலேர்ந்தும் நான் அளந்துட்டுதான் வரேன். சுவத்தை அப்பாவால நகர்த்த முடியாது" என்றாள்.

கட்டுரையைப் படித்தேன். 'அளவுகளில் பிழை' என்ற தலைப்பின் கீழ் நான் இருக்கிறேன். 'குடியிருப்பாளர் ஒருவர் முளையை நகர்த்தினார். காரணம்: இடப்பற்று.' தோளில் தூக்கி வளர்த்த பெண்ணுக்கு நான் ஒரு பிழை. முடிவுரை, காப்பாற்றுவது தகாது என்று சொல்கிறது.

"நீ பொறந்த வீட்டை விட்டுடலாம்னு எழுதியிருக்கியே" என்று கேட்டேன்.

"வீட்டைத்தாம்ப்பா விடச் சொன்னேன். உங்களையும் சேத்து விட எனக்கு மனசில்ல."

அவளைப் பெற்ற மார்ஜரி பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவளுக்காவது அளக்கத் தெரியுது" என்றாள்.

அக்கா, நீ அத்தை. புவியியல் எல்லாம் வெறும் யூகம் என்று அவளுக்கு எடுத்துச் சொல். போன ஈஸ்டரின்போது, நாங்கள் குடிவர உன் மாடி அறையைத் தருகிறேன் என்றாயே, அந்தப் பேச்சை இனி எடுக்காதே. இந்தப் படியில் என் கால் இருக்கும்வரை நான் நகரப்போவதில்லை. உன் குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடியின்றி, கடலுக்கு வெகு தொலைவில், நீண்டகாலம் வாழ வேண்டும்.

உன் பிடிவாதக்காரத் தம்பி,
நெவில்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் பின்கதவைத் திறந்தால் துணிக்கொடி இல்லை. கம்பம், கயிறு, மார்ஜரி காலையில் உலர்த்திய என் உள்ளாடைகள் எல்லாம் கீழே அலையில் கிடக்கின்றன. படம் போட்ட அந்தப் பாடப்புத்தகத்தைத் தொலைத்துவிடாதே என்று ஹெட்டியிடம் சொன்னேன். நம் தோட்டம் இனிமேல் அதில்தான் இருக்கிறது. அவள் சுவரில் நாடாவைப் பிடித்துக்கொள்ள, நானே மறுமுனையைக் கொண்டுபோய் அளவை உள்ளபடி படித்துச் சொன்னேன். அவள் அதை எழுதவில்லை. "போதும்ப்பா, உள்ள வாங்க" என்றாள். பற்று இன்னும் ஐந்துதான், அதை மாற்றவில்லை. மாடி அறையில் இரண்டு கட்டில் போட இடம் இருக்குமா அக்கா? ஹெட்டி எங்கே வேண்டுமானாலும் தூங்கிக்கொள்வாளாம்.