நேர்கோட்டுலயா, ரோட்டுலயா?

தூரஞ்சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. பல்லி சொல்லுக்காவது பலன் இருக்கும் என்பார்கள். இவர்கள் சொல்லுக்கு அதுவும் கிடையாது. நீங்கள் பெட்டி கட்டும் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாவது முளைத்து வந்து, போகிற ஊர் எத்தனை கிலோமீட்டர், விமானம் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை. அதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

நம் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். குணத்துக்கேற்ற வேலை இப்படி அமைவது அபூர்வம். வாயில் ஃபிலிமைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் "போதும், விடுங்க" என்று சொல்ல முடியாதல்லவா? ஊருக்குப் போவதாக யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், "நேர்கோட்டுலயா, ரோட்டுலயா?" என்று ஆரம்பித்துவிடுவார். சித்தி இறந்துபோன செய்தி வந்து, கண்ணைத் துடைத்தபடி டாக்டரிடம் லீவு கேட்க வந்த நர்ஸிடம், "அழாதீங்கம்மா, நாப்பத்தஞ்சு நிமிஷம்தான்" என்று ஆறுதல் சொன்ன மனிதர். இத்தனைக்கும் அவர் அதுவரை விமானத்தில் கால் வைத்ததே இல்லை.

அந்த நாளும் வந்தது. வெளியூரில் படித்த ஒரே மகளுக்குப் பட்டமளிப்பு விழா, மாலை நான்கு மணிக்கு. "அப்பா, நீங்க முன்வரிசையில இருக்கணும்" என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் தூக்கத்தில்கூடக் கைதட்டிப் பழகிக்கொண்டிருந்தார். விமானம் பதினொரு மணிக்கு. எட்டு மணிக்கே மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ரெண்டு மணி நேரம் முன்னாடியே போகணுமாம்ங்க."

"அது தூரம் தெரியாதவங்களுக்கு. அறுநூத்திப் பன்னண்டு கிலோமீட்டர், ஒரு மணி அஞ்சு நிமிஷம். உக்காரு, நிதானமா காபி குடி."

காபி குடித்து, சவரம் செய்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ஒரு மணி ஐந்து நிமிடத்தை மூன்று தடவை விளக்கி, டாக்ஸி பிடித்து, பாலத்துக்கு அடியில் ஒரு லாரியின் முதுகைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்று, விமான நிலையத்துக்குள் அவர்கள் ஓடியபோது மணி பத்து ஐம்பது.

"கவுன்ட்டர் மூடியாச்சு சார். அடுத்தது ராத்திரி எட்டரைக்குத்தான்" என்றாள் அங்கிருந்த பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய விமானம் அவரில்லாமலே கிளம்பி, நேர்கோட்டில் போய் மறைந்தது.

மனைவி திட்டவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நம்ம வீட்டுலேர்ந்து இந்த ஏர்போர்ட் எத்தனை கிலோமீட்டர்?"

அவர் வாயைத் திறந்தார். எக்ஸ்ரே நாற்காலியில் உட்கார்ந்தவரைப் போல அது திறந்தபடியே இருந்தது.

செல்போன் அடித்தது. "எங்கப்பா இருக்கீங்க?" என்றாள் மகள்.

"அறுநூத்திப் பன்னண்டு கிலோமீட்டர்லம்மா" என்றார்.

மகள் மெதுவாகக் கேட்டாள்: "நேர்கோட்டுலயாப்பா, ரோட்டுலயா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை.

நமக்கென்ன, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் சரிதானா என்று நடுவில் ஓரிடத்தில் நின்று மனக்கணக்குப் போட்டீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அடுத்த தடவை விமானம் ஏறுவதாக இருந்தால், நீங்கள் மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவது நல்லது.