வலது கன்னம் வரை வெற்றி

என் இடது தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் முகத்தில் தழும்பு உள்ளவனிடம் ஜனங்கள் கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசுவார்கள். யார் வெட்டியது என்று கேட்கத் தயங்குவார்கள். நானும் வலியப் போய் விளக்கம் சொல்வதில்லை. (சும்மா கிடைக்கிற மரியாதையை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?) இன்று சொல்லிவிடுகிறேன். வெட்டியது நான்தான். என் மகள் பிறந்த அன்று, என் கையால், என் சொந்தச் சவரக்கத்தியால். இதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று குடும்பமே பல வருடங்களாகக் காத்திருக்கிறது. பட மாட்டேன்.

மனைவி மாசமாக இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே தாடி வளர்த்தேன். அதுவும் என்ன தாடி! ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் நான் சூப்பர்வைசர். காலையில் கறுப்புத் தாடியோடு உள்ளே போவேன். பஞ்சுத் தூசி ஒட்டி ஒட்டி, சாயங்காலம் வெளியே வரும்போது ஓய்வு பெறுகிற வயது வந்திருக்கும்.

என் மனைவி கோமதிக்கு அந்தத் தாடியைக் கண்டாலே ஆகாது. வளைகாப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"பிள்ளை பொறந்ததும் மொதல்ல உங்க கைலதான் குடுக்கச் சொல்லுவேன். ஆனா இந்தத் தாடியோட வந்தீகன்னா எங்க அண்ணன் கைல குடுத்துருவேன். பச்சப்பிள்ள கன்னம் என்னத்துக்கு ஆகும்?"

அவள் அண்ணன், அதாவது என் மச்சான், தினமும் சவரம் செய்கிற ஆள். அவர் கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். என் பிள்ளையை எனக்கு முன்னால் அந்தக் கன்னம் தொடுவதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போனது.

ஆகவே தயாரானேன். மடக்குகிற சவரக்கத்தி, அதைத் தீட்ட ஒரு தோல்வார், பிரஷ், மரக்கிண்ணத்தில் சோப்பு, எல்லாம் போனிலேயே ஆர்டர் போட்டேன். இந்தக் கத்தியால் வழிக்கிற வழவழப்பு வேறு எதிலும் வராது என்று வீடியோவில் ஒருவர் அடித்துச் சொன்னார். வளைகாப்புக்கு ஊதி மிஞ்சிய பலூன்களில் நுரை தடவி, அவர் சொன்னபடியே வழித்துப் பழகினேன். ஒரு பலூன்கூட உடையவில்லை. (இரண்டு உடைந்தன. அவை பழைய பலூன்கள்.)

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கோமதிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ராத்திரி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் டாக்டரம்மா பார்த்துவிட்டு, ராத்திரிக்கு மேல்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்.

"மாப்ளே, இன்னும் நேரங் கெடக்கு. வீட்டுக்குப் போயி குளிச்சு, செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வாங்க" என்று மாமியார் என்னை பஸ் ஏற்றி விட்டார்.

நான் படுக்கவில்லை. நேராகக் குளியலறைக்குள் போய்த் தோல்வாரைக் கொக்கியில் மாட்டினேன். அன்று செவ்வாய்க்கிழமை, ஊரில் எந்தச் சலூனும் திறந்திருக்காது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, பிள்ளை இன்னும் வெளிய வரல. அதுவும் செவ்வாக்கெழம. கடைக்காரனே கத்தியத் தொடாத நாள்ல நீ தொடுதியே!"

"அவரு தொட மாட்டாருன்னுதாம்மா நான் தொடுதேன்."

"எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டியாலே நீ?"

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அடுத்து நடந்ததை யார் எப்படித் திரித்துச் சொன்னாலும், முதல் பாதியைப் பற்றி நான் மட்டும்தான் சாட்சி. கத்தரியால் தாடியை ஒட்டக் குறைத்தேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டு மூடினேன். நுரையைக் கிண்ணத்தில் அடித்து, ரோமத்தின் வேர்வரை இறங்கும்படி தேய்த்தேன். இடது கையால் கன்னத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து வைத்து, அழுத்தாமல், ரோமம் வளர்ந்த திசையிலேயே இறக்கினேன். சரசரவென்று ஒரு சத்தம். எரிச்சல் இல்லை, இழுப்பு இல்லை. மாதக்கணக்கில் மறைந்திருந்த என் வலது கன்னம் வெளியே வந்தது. தொட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு கன்னம் எனக்கு இருந்தது எனக்கே தெரியாது.

இடது கன்னத்துக்கு இடது கையால் வழிக்க வேண்டும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். என் இடது கை அதுவரை ஒரு பேனா பிடித்ததில்லை. இருந்தாலும் கத்தியை அதனிடம் கொடுத்து, தாடை ஓரத்தில் வைத்தேன். அப்போது போன் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். மாமியார்.

"மாப்ளே! பொம்பளப் பிள்ளை! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக! சீக்கிரம் வாங்க, உங்க மச்சான் வேற கையக் கழுவிட்டு மொத ஆளா நிக்கான்!"

சிரித்தேன். வேறென்ன செய்வான் மனுஷன்? வாய்கொள்ளாமல் சிரித்தேன். சிரித்தால் தாடை அசையும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

ரத்தம் நிற்கவில்லை. நல்லவேளையாக, வீடு நிறைய எங்கள் கம்பெனி பேண்டேஜ் சாம்பிள் கிடந்தது. ஒரு சுருளை எடுத்துத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் கொண்டுவந்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள் என்பது, கதவைத் திறந்ததும் அம்மா போட்ட கூப்பாட்டில்தான் உறைத்தது. சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. அம்மாவுக்குப் பேத்தி பிறந்த சேதியைச் சொல்லி, கூட ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் பறந்தேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எவன்ணே வெட்டுனான்?"

"நான்தான்."

"சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பிரசவ வார்டுக்குள் விடவில்லை. எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றேன். தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று பக்கத்து நர்ஸிடம் அவர் கேட்டது எனக்குக் கேட்டது. கையைப் பிடித்து அவசரச் சிகிச்சை அறைக்கு இழுத்துப் போய்விட்டார். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், போலீஸுக்குச் சொல்ல வேண்டிய வெட்டா என்று கவலையோடு விசாரித்தார். பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து தையல் போட்டுக்கொள்கிறேன் என்று சண்டை பிடித்தேன்.

"ரத்தம் சொட்டுற ஆள் கைல பச்சப்பிள்ளையக் குடுப்பாங்களா சார்? படுங்க."

படுத்தேன். ஊசி தாடையில் ஏறும்போது வராந்தாவில் மச்சான் குரல் கேட்டது. "மருமவளே! இங்கன பாருடா, மாமனைப் பாரு!" எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஊசி வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். ஊசி ஒன்றுமே இல்லை. அத்தனை மாதம் காத்திருந்து, இருபது அடி தூரத்தில் படுத்துக்கிடந்து, என் மகளை இன்னொருவன் கொஞ்சுவதைக் கேட்கிற வலி அது.

நாலு தையல் முடிந்து வார்டுக்குள் போனேன். ஒரு கன்னம் மொழுமொழு, ஒரு கன்னம் கருகரு, நடுவில் பிளாஸ்திரி. கோமதி இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பெத்தவ நானு, எனக்கு ஒரு தையல் இல்ல. உங்களுக்கு நாலா?"

"செவ்வாக்கெழமன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் அம்மா.

கோமதி என்னைக் கிட்ட வரச் சொன்னாள். புறங்கையால் என் வலது கன்னத்தை மெதுவாக ஒரு தரம் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"அண்ணே, பிள்ளைய இவுககிட்ட குடு" என்றாள்.

மச்சான் மனமில்லாமல் கொடுத்தார். மகளைத் தூக்கி, அவள் கன்னத்தை என் வலது கன்னத்தில் வைத்துக்கொண்டேன். எது என் தோல், எது அவள் தோல் என்று தெரியவில்லை. அவள் கொட்டாவி விட்டாள். மச்சான் முதலில் தூக்கியிருக்கலாம். அவர் கன்னத்தில் அவள் கொட்டாவி விட்டாளா? கேட்டுப் பாருங்கள்.

தையல் பிரிக்கும்வரை இடது பக்கம் கத்தி படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். (அவரும் அம்மா கட்சி.) இடது பக்கத்துக்காக வலது பக்கத்தை மறுபடி வளரவிட நான் தயாராக இல்லை. அதை மட்டும் வழித்துக்கொண்டே இருந்தேன். பெயர் வைத்த விசேஷத்துப் போட்டோக்களில் நான் ஒருக்களித்து நிற்பது அதனால்தான். பிள்ளை பிறக்கும் முன்பே கத்தி வைத்த பலன் இது என்று அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கத்தி வெட்டியபோது பிள்ளை பிறந்தாயிற்று, சேதி வரத்தான் தாமதம் என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கோமதி மறுபடி மாசமாக இருக்கிறாள். நானும் தாடியோடுதான் திரிகிறேன். போன வாரம் மச்சான் அதே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "தங்கச்சிக்கு ஒரு பெட்டு, மாப்ளைக்கு ஒரு பெட்டு, பக்கத்துப் பக்கத்துல போட்டு வைங்க" என்று சொல்லியிருக்கிறார். அதை வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போட்டு வைக்கட்டும். இந்தத் தடவை இடது கன்னத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.