மூடி போட்ட சிக்கனம்

தண்ணீரை வீணாக்குகிறவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் அப்பாவிகள். குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போனில் பேசப் போய்விடுவார்கள், திட்டினால் பல்லைக் காட்டுவார்கள், மறுநாளும் அதையே செய்வார்கள். நான் சொல்ல வந்தது அவர்களைத் திட்டுகிற இனத்தைப் பற்றி. தொட்டிச் சிக்கனர் என்று இந்த இனத்துக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் தெருவில் இந்த இனத்துக்குப் பிரதிநிதி ஒரு பல் டாக்டர். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். "ஒரு சொட்டுன்னா சும்மாவா?" என்று வாய்க்கு வாய் கேட்பதால் அவருக்குச் சொட்டு டாக்டர் என்று பெயர். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களைக் கேளுங்கள். கொப்பளிக்க அரை டம்ளர்தான். வாயில் ரத்தத்தோடு இன்னொரு அரை டம்ளர் கேட்டவருக்குச் சுவரிலிருந்த பாலைவனப் படத்தைக் காட்டினாராம்.

நோயாளிக்கே இந்தக் கதி என்றால் வீட்டில் எப்படி இருக்கும்? காய் கழுவின தண்ணீரில் பாத்திரம் ஊற வேண்டும், பாத்திரம் ஊறின தண்ணீர் செடிக்குப் போக வேண்டும், துணி அலசின தண்ணீர் வாளி வாளியாகக் கக்கூஸ் வாசலில் அணிவகுத்து நிற்க வேண்டும், வருகிற விருந்தாளி அதில் கால் இடறி விழ வேண்டும், விழுந்தவர் எழுந்ததும் "தண்ணி சிந்தலையே?" என்று டாக்டர் கேட்க வேண்டும். கேட்பார். என்னையே கேட்டிருக்கிறார்.

குளியலுக்கு மணல் கடிகாரம். மணல் முழுக்க இறங்கியதும் டாக்டர் மொட்டை மாடிக்கு ஏறி, டேங்க்கிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் பைப்பின் வால்வைத் திருகி மூடிவிடுவார். உள்ளே இருப்பவர் சோப்போடு இருந்தாலும் சரி, கண்ணீரோடு இருந்தாலும் சரி.

இதெல்லாம் நல்ல பழக்கம்தானே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு கிரேன் வரும்வரை.

கிரேன் இறக்கி வைத்தது ஒரு ஹாட் டப். ஆறு பேர் கால் நீட்டி உட்காரலாம். பித்தானை அழுத்தினால் நாலா பக்கமும் வெந்நீர் பீச்சியடித்து முதுகைப் பிடித்துவிடும். மேலே மெத்தை போல ஒரு மூடி. நாளெல்லாம் குனிந்து அடுத்தவர் வாய்க்குள் பார்க்கிறவருக்கு முதுகு வலிக்காதா? வலிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? சுவரோரம் நின்று கேட்டுவிட்டேன்.

"டாக்டர், இவ்வளவு தண்ணியா?"

"அண்ணே, நீங்களும் இப்படிக் கேக்கலாமா? குளிச்சா தண்ணி சாக்கடைக்குப் போயிடுது. இதுல உக்காந்து எழுந்தா தண்ணி அப்படியே இருக்குது. இது செலவு இல்லண்ணே, சேமிப்பு!"

சரிதான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நீங்கள் வேறென்ன செய்திருப்பீர்கள்?

அதற்குள் இறங்குவதற்கு முன் நன்றாக ஒரு குளியல் போட வேண்டும், உடம்பில் சோப்பு வாசனைகூட இருக்கக் கூடாது, ஏறி வந்த பிறகு தண்ணீரில் போட்ட குளோரின் வாசனை போக இன்னொரு குளியல் என்பதெல்லாம் அந்தச் சேமிப்பின் துணை விதிகள். அந்தக் குளியல்களுக்கு மணல் கடிகாரம் கிடையாது. சில மாதங்களுக்கு ஒருமுறை தொட்டியை முழுக்க வடித்துப் புதுத் தண்ணீர் நிரப்புவார். அது வீணாக்குவது ஆகாது. அதற்குப் பராமரிப்பு என்று பெயர்.

இப்படி இருக்கையில் கோடை வந்தது. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார்கள். டாக்டருக்கோ வாழ்வு வந்துவிட்டது. கையில் மணல் கடிகாரத்தோடு வீடு வீடாகப் போய்ப் பேசினார். அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் மகளுக்கு வேலைக்கான இன்டர்வியூ வந்தது. படிப்பு முடித்து வருஷக்கணக்காகக் காத்திருந்து வந்த முதல் அழைப்பு. பாவம், அந்தப் பெண் அதற்காக ராவும் பகலும் படித்ததை நான் அறிவேன்.

அன்று காலை தலை நிறைய ஷாம்பு. மணல் இறங்கிவிட்டது. வால்வு மூடிக்கொண்டது.

"அப்பா! கண்ணு எரியுது, தண்ணி விடுங்க!"

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா!"

"இன்டர்வியூக்கு நேரமாச்சுப்பா!"

டாக்டரும் மனுஷர்தான். மனம் இளகி, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" என்றபடி வால்வைத் திருப்பினார். நாள் தவறாமல் திருகித் திருகித் தேய்ந்திருந்த கைப்பிடி, அவர் கையோடு வந்துவிட்டது. வால்வு மூடியது மூடியபடி இருந்தது. எட்டாத உயரத்தில் டேங்க் நிறையத் தண்ணீர். வீட்டுக் குழாயில் காற்று. என் வீட்டு டேங்க்கோ முந்தின நாளே காலி. பிளம்பர் மத்தியானம்தான் வர முடியும் என்றார்.

"துணி அலசின தண்ணி ரெண்டு வாளி இருக்கும்மா" என்றார் டாக்டர். மகள் அழுதுகொண்டே, நைட்டியும் நுரையுமாக மாடிப்படி ஏறினாள். பின்னாலேயே அவள் அம்மா ஏறி வந்து, ஒரே இழுப்பில் தொட்டியின் மூடியைப் புரட்டித் தள்ளினார்.

டாக்டர் குறுக்கே பாய்ந்தார். "ஐயோ, ஷாம்பு மட்டும் வேண்டாம்! நுரை வந்தா மொத்தத் தண்ணியையும் கொட்டணும்!"

"சேமிப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் அந்த அம்மா, நிதானமாக. "இதுக்கு மேல எந்தக் கஷ்டத்துக்குங்க எடுக்கிறது? குனி கண்ணு."

மகள் குனிந்தாள். பதறிப்போன டாக்டர் வடிகட்டியைப் போடுவதாக நினைத்து முதுகு பிடிக்கும் பித்தானை அழுத்திவிட்டார். அவ்வளவுதான். நாலா பக்கமும் பீச்சியடித்து, நுரை பொங்கி, விளிம்பைத் தாண்டி, சுவரைத் தாண்டி, என் வீட்டு மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகள் மீது இறங்கியது. கொடியருகே நின்றிருந்த நான் கைதட்டினேன். தட்டாமல் எப்படி இருப்பது?

இன்டர்வியூவில், "ஸ்விம்மிங் போவீங்களா? குளோரின் வாசனை வருதே" என்று கேட்டார்களாம். "இல்ல சார், எங்க வீட்ல தண்ணி சிக்கனம்" என்றாளாம் அவள். அதன் பிறகு அவர்கள் சிரித்து முடிப்பதற்கே நேரம் போய்விட்டதாம். வேலை கிடைத்துவிட்டது. வேலை வெளியூரில். "அங்க ஹாஸ்டல்ல நாள் பூரா தண்ணி வருமாம் மாமா" என்று சுவரோரம் நின்று என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

டாக்டர் அன்றைக்கே தொட்டியை வடித்தார். தண்ணீர் தெரு நெடுக ஓடியது. காலிக் குடத்தோடு நின்றவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். இஸ்திரிக் கடைக்காரர் மட்டும், "டாக்டர், ஒரு சொட்டுன்னா சும்மாவா?" என்று கேட்டார்.

"இது வீண் இல்லப்பா, பராமரிப்பு" என்றார் டாக்டர்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருண்ணே இந்த ஆளு, நம்ம மூலை வீட்டு வக்கீலா?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டில் அப்படித் தொட்டி எதுவும் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். எதற்கும் இன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நடுநடுவே தலையை நிமிர்த்தி, அவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். எல்லோரும் உங்களையே பார்த்தால் கவலைப்படாதீர்கள். படிக்கிறவரைப் பார்ப்பது மரியாதை என்று எண்ணிக்கொள்ளுங்கள். டாக்டர் படித்துக் காட்டியிருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பார்.