கோணலாக இருந்த பொட்டு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைத் தொடாமல் விடுவதற்கு மிகுந்த மனவலிமை வேண்டும். அந்த வலிமை எனக்கு வாய்க்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சுவரில் ஒரு படம் சற்றே சாய்ந்திருந்தாலும் அவ்வீட்டில் என்னால் நிம்மதியாக ஒரு வாய்த் தேநீர் அருந்த இயலாது. பிறர் வீட்டுப் படமாயினும் எழுந்து சென்று நிமிர்த்திய பின்னரே அமர்வேன். (ஒரு முறை ஆணியும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. அவங்க வீட்டுக்கு இப்ப நாங்க போறதில்ல.)

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவன் நான். கொழுந்தை உருட்டும் ரோலர்களுக்கு எண்ணெய் விடுபவனாகச் சேர்ந்து, தூளைத் தரம் பிரித்துச் சலிக்கும் அறையின் பொறுப்பாளனாக ஓய்வு பெற்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் படிப்பைக் கைவிடவில்லை. கடைச் சாமான் சுற்றி வரும் பத்திரிகைத் தாள்களும், அட்டை போன ஓர் ஆங்கில அகராதியுமே எனக்கு ஆசிரியர்கள். இந்த அகராதியினால் நேர்ந்த அவமானத்தையும் ஈண்டு மறைக்கப் போவதில்லை.

நிற்க. என் ஒரே மகள் தர்ஷினி, கொழும்பில் ஒரு ஹோட்டலில் கோப்பி போடும் வேலை பார்த்து வந்தாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், வேலையை விட்டுவிட்டதாகவும், லிந்துலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே காலியாக இருக்கும் அறையை வாடகைக்கு எடுத்துக் கோப்பிக் கடை வைக்கப் போவதாகவும் அறிவித்தாள். பலகாரத் தட்டோடு நின்ற என் மனைவி இராசம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“சுத்திவர தேயில. நடுவுல கோப்பிக் கடை. யாரு வந்து குடிப்பா, மாரியாத்தாளா?”

“நுவரெலியாவுக்குப் போறவங்க குடிப்பாங்கம்மா. நம்ம புள்ளைங்களும் குடிப்பாங்க. கொழும்புல நா போட்டுக் குடுத்ததுல பாதிப் பேரு நம்ம ஆளுங்கதான்.”

அந்த அறையின் சொந்தக்காரி குசும் நோனா என்ற சிங்கள அம்மையார். கணவர் காலமான பின் கடைகளைத் தாமே நிர்வகிப்பவர். தோட்டத்து மக்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். அதே அறையைக் கைப்பேசி திருத்தும் ஒருவரும் கேட்டிருந்தார். “மொதல்ல உங்க வீட்டுக்கு வந்து கோப்பி குடிக்கிறேன். பொறகு சொல்றேன், அறை யாருக்குன்னு,” என்று நோனா கூறிவிட்டார். விட்டுவந்த வேலைக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே என் மகளின் எதிர்காலம் ஒரு குவளைக் கோப்பியில் வந்து நின்றது.

எஸ்பிரெசோ எனப்படும் அந்தக் கோப்பிக்கு இரண்டு இயந்திரங்கள் தேவை. ஒன்று கொட்டையை அரைப்பது. மற்றது, அரைத்த தூளின் ஊடே கொதிநீரை அழுத்தித் தள்ளுவது. இரண்டாவது அவளிடம் முன்பே இருந்தது. முதலாவதை வாங்கக் கொழும்புக்குப் புறப்பட்டபோது, இயந்திரங்கள் அறிந்தவன் என்ற தகுதியில் நானும் உடன் சென்றேன். அரைக்கும் பற்களைக் கொண்ட எஃகு வட்டுகளுக்கு ஆங்கிலத்தில் ‘பர்’ என்று பெயர் என மகள் முதல் நாளே சொல்லியிருந்தாள். அகராதியைப் பார்த்தேன். ‘துணியில் ஒட்டிக்கொள்ளும் முள் விதை’ என்றிருந்தது. எனவே கடையில் நின்ற இளைஞரிடம், “தம்பி, இந்த மெசின்ல கொட்டைய போடுறதுக்கு முந்தி முள்ளையெல்லாம் நாமளே பொறுக்கணுமா, இல்ல அதுவே பொறுக்கிடுமா?” என்று விசாரித்தேன். அவர் என் மகளைப் பார்த்தார். என் மகள் கூரையைப் பார்த்தாள்.

வட்டுகளில் இரு வகை இருந்தன. தட்டையானவை ஒன்று, ஒரு கூம்பு இன்னொரு கிண்ணத்துக்குள் சுழல்வது மற்றொன்று. நான் ஒவ்வோர் இயந்திரத்தையும் தூக்கிப் பார்த்துக் கனமான தட்டை வட்டுக்காரனையே சிபாரிசு செய்தேன். மகளோ அரைத்த தூளை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, கூம்பு வகையில் ஒன்றைத் தேர்ந்தாள். அதில் எண்கள் இல்லை. மேலே ஒரு வளையம், அதைச் சுற்றி ஒன்றுபோல் கோடுகள், உடலின் முன்புறம் ஒரு சிறிய அம்புக்குறி, அவ்வளவே. வளையத்தை இறுக்கினால் வட்டுகள் நெருங்கித் தூள் நைசாகும், தளர்த்தினால் கொரகொரப்பாகும்.

வீட்டுக்கு வந்ததும் என் அனுபவத்தை அவளுக்கு அருளினேன். “நல்லா இறுக்கி டஸ்ட்டா அரை புள்ள. டஸ்ட்டுலதான் சாயம் சட்டுனு எறங்கும்.” சலிக்கும் அறையில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு டஸ்ட் என்னும் கடைசித் தூளைவிட வலிமையான பொருள் உலகில் இல்லை.

“அப்பா, அது தேயில. இதுல ரொம்பப் பொடியானா தண்ணி போக வழியே இருக்காது. அடைச்சிக்கிரும்.”

அடுத்த நாள்கள் அந்த வளையத்தோடு அவள் நடத்திய பேச்சுவார்த்தையிலேயே கழிந்தன. ஒரு கோடு இறுக்கினால் கசந்தது. ஒரு கோடு தளர்த்தினால் கழுநீர் போல் ஓடியது. பனி இறங்கிய காலையில் சரியாக வந்தது வெயில் மதியத்தில் தவறியது. இறுதியாக ஒரு பிற்பகல், கோப்பி எலிவால் கனத்தில் தேன்போல் இறங்கியது. அவள் மூச்சு விடாமல் நின்றாள். பிறகு தன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, வளையத்தில் அம்புக்குறிக்கு நேர் மேலே ஒட்டினாள். அவ்வேளை நான் தோட்டத்தில் கோவா எனும் முட்டைக்கோசுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். (இருந்திருக்க வேண்டிய இடத்துல நா என்னைக்கு இருந்திருக்கேன்.)

நோனா வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. அவரை அழைத்துவரப் புறப்பட்ட தர்ஷினி, வாசலிலிருந்தே, “அப்பா, கோப்பி மெசினத் தொட்டுறாதீங்க,” என்றாள். நான் தொடவில்லை. கோப்பி மெசின் வேறு, அரைக்கும் மெசின் வேறு அல்லவா.

தோட்ட நிர்வாகியான பெரிய துரை வரும் நாளில் தொழிற்சாலையைக் கழுவித் துடைத்து வைப்பது எங்கள் வழக்கம். வட்டுகளில் பழைய தூள் ஒட்டியிருக்கக் கண்டேன். வளையத்தைத் திருகிக் கழற்றி, மேல் வட்டை எடுத்து, பழைய பல் துலக்கியால் ஒவ்வொரு பல்லிடுக்காகத் துலக்கினேன். திரும்பவும் பொருத்தி, கழற்றியதை இறுக்கிப் பூட்டும் தொழிற்சாலை நெறிப்படி, கை நோக இறுக்கினேன். ஓட்டிப் பார்த்தேன். கிரீச்சென்றது. மயிரிழை தளர்த்தினேன். சத்தம் நின்றது.

பின்புதான் பொட்டைக் கவனித்தேன். அது இயந்திரத்தின் இடது காதோரம் கிடந்தது. நான் இறுக்கியதால் அது நகர்ந்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜையன்று ஒவ்வொரு ரோலருக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டவன் நான். பிள்ளை இயந்திரத்துக்குப் பொட்டு வைத்திருக்கிறாள் என்று நெஞ்சம் பூரித்தது. இப்படிக் கோணலாக வைத்திருக்கிறாளே என்று வருந்தவும் செய்தது. நகத்தால் பெயர்த்தெடுத்து, முன்புறம் நட்டநடு நெற்றியில், அம்புக்குறிக்கு நேர் மேலே ஒட்டினேன். ஓரடி பின்வாங்கி நின்று பார்த்தேன். மங்களகரமாக இருந்தது.

மழை தகரக் கூரையில் இடித்துக்கொண்டிருக்க, திரீவீலரில் இருவரும் வந்து இறங்கினர். நோனா வெண்மையான சேலை உடுத்தியிருந்தார். “இந்த மழைக்கு பிளேண்டிதான் நல்லம்,” என்று பால் விடாத வெறுந்தேநீரை நினைத்துச் சிரித்தபடி அமர்ந்தார். தர்ஷினி வளையத்தைப் பார்த்தாள். பொட்டு, தான் வைத்த இடத்திலேயே, அம்புக்கு நேராக இருந்தது. நம்பிக்கையோடு அரைத்தாள். மழைச் சத்தத்தில் வட்டுகளின் முனகல் ஒருவருக்கும் கேட்கவில்லை. தூளைப் பிடி எனப்படும் கைப்பிடிக் கிண்ணத்தில் நிரப்பி, அழுத்தி, இயந்திரத்தில் பூட்டி, பொத்தானை அமுக்கினாள்.

இயந்திரம் உறுமியது. கோப்பி வரவில்லை. இன்னும் உறுமியது. ஒரு கருந்துளி எட்டிப் பார்த்து, விழலாமா என்று யோசித்தது. நோனா குவளையைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். மகள் முகம் வெளுத்து இயந்திரத்தை நிறுத்தினாள்.

“கொஞ்சம் இருங்க நோனா. ஏதோ அடைச்சிருக்கு.”

அடைப்பு என்றால் திற. இதுவும் தொழிற்சாலை நெறி. “புள்ள, பிடிய கழட்டிப் பூட்டுனா சரியாப் போகும்,” என்று கை வைத்தேன்.

“கழட்டாதீங்கப்பா, உள்ள அழுத்தம் இருக்...”

எஞ்சிய எழுத்துகளை அவள் சொன்னாளா என்பதை நான் அறியேன். யானை தும்மியது போல் ஓர் ஒலி. சுடுசேறு போன்ற கோப்பி கூரையிலும், காலண்டரிலும், என் நெற்றித் திருநீற்றிலும், நோனாவின் மூக்குக்கண்ணாடியிலும், அந்த வெள்ளைச் சேலையில் தோள் முதல் மடி வரையிலும் பரவியது. நல்லவேளையாக, தெறித்த வேகத்தில் ஆறியிருந்ததால் ஒருவரையும் சுடவில்லை.

நோனா கண்ணாடியைக் கழற்றினார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஐயா, கூரை ஒழுகுதா?”

தர்ஷினி மிஞ்சிய தூளை விரலில் எடுத்துத் தேய்த்தாள். முகத்துக்குப் பூசும் பவுடர் போலிருந்தது. அவள் பார்வை மெல்ல வளையத்துக்குச் சென்றது.

“அப்பா, இந்தப் பொட்ட யாரு மாத்துனது?”

“நாந்தான். கோணலா இருந்துச்சு.”

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ அடுப்படிக்குச் சென்று, கழுவி முடித்த பிடியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசற்படி வரை சென்ற நான் உள்ளே போகத் துணிவின்றித் திரும்பினேன்.

இராசம்மாதான் நிலைமையைக் கையில் எடுத்தாள். “நோனா, இப்படியே வீதியில போனா நாலு பேரு என்ன நெனப்பாங்க. வாங்க உள்ள,” என்று அழைத்துப் போய், திருவிழாவுக்கு மட்டும் உடுத்தும் தன் பச்சைச் சேலையைக் கட்டிவிட்டாள். நோனா அறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் பச்சைச் சேலையில் திரீவீலர் ஏறினார். வெள்ளைச் சேலை எங்களிடம் தங்கியது. எலுமிச்சை, சோடா, வெயில் எல்லாம் காட்டியும் முந்தானையில் இலங்கைப் படம் போல் ஒரு கறை நிலைத்துவிட்டது. (யாழ்ப்பாணம் கூடத் தெளிவாத் தெரிஞ்சது.)

சேலையைத் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும். அந்த ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டாள் என் மகள். இழந்த இடத்தை வளையத்தில் மறுபடி தேடினாள். தவறிய கோப்பிகளை வீணாக்க மனமின்றி நானும் என் மனைவியுமே குடித்துத் தீர்த்தோம். அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணும் மூடவில்லை. பிறகு இரு இயந்திரங்களையும் கம்பளியில் சுற்றி நோனாவின் வீட்டுக்குப் புறப்பட்டோம். அரைக்கும் இயந்திரம் என் மடியில் இருந்தது.

“அப்பா, கைய கம்பளிக்கு மேல வைங்க. எனக்குத் தெரியிற மாதிரி.”

நோனாவின் வீட்டில், இரவெல்லாம் விழித்திருந்தபோது நான் இயற்றிய மன்னிப்புரையை இலக்கணச் சிங்களத்தில் நின்றபடி நிகழ்த்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறீங்களா?” என்றார். நான் அமர்ந்தேன்.

தர்ஷினி அரைத்தாள். கோப்பி எலிவால் கனத்தில் இறங்கியது. நோனா ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தார், சீனி போட்டார், மறுபடி குடித்தார், குவளையைக் கவிழ்த்து அடியில் ஒன்றுமில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார்.

“இது நல்லம். அன்னைக்கு வாயில விழுந்ததும் நல்லம்தான்.”

“அந்த போன் கடக்காரரு கேட்டாருன்னு...” என்று மகள் இழுத்தாள்.

“அவரு என்ட போன சும்மா பாக்கிறேன்னு தொறந்தாரு. இப்ப அது பேசுறதே இல்ல.” நோனா என்னை ஒரு பார்வை பார்த்தார். “அறை தர்றேன் மகள். ஒரே ஒரு கண்டிசன். ஐயா கடைக்கு வரலாம், இருக்கலாம், குடிக்கலாம். மெசின் பக்கம் வரக் கூடாது.”

கடை இன்று நன்றாக நடக்கிறது. மாரியாத்தாள் இன்னும் வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும் ஆசிரியர்கள் வருகிறார்கள். எனக்கென்று வாசலோரம் ஒரு முக்காலி உண்டு. உள்ளே வட்டுகள் சற்றே கிரீச்சிட்டால் போதும், கடையிலிருப்போர் அனைவரும் திரும்பி என் கைகளைத்தான் பார்ப்பார்கள். வளையத்தில் இப்போது பொட்டு இல்லை; அதே இடத்தில் அரத்தால் ஒரு கீறல் இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் உரிமை மட்டும் எனக்கு உண்டு, இயந்திரத்தின் பெட்டிக்கு.

ஆயினும் இந்நிகழ்ச்சி மொழிக்கு ஒரு சொல்லைத் தந்திருக்கிறது. சரியாக இருப்பதைச் சரிசெய்யப் போய்க் கெடுப்பதற்கு எங்கள் குடும்பத்தில் ‘பொட்டு வைத்தல்’ என்று பெயர். மின்கம்பியைத் திருத்த வந்தவர்கள் லயத்து வரிசை வீடுகளையே இருட்டாக்கிப் போனால், “பொட்டு வச்சிட்டுப் போயிட்டாங்க,” என்பாள் இராசம்மா. அண்மையில் என் கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் பார்வை பளிச்சென்று தெரிந்தது. வைத்தியர், “எதுக்கும் இன்னொருக்கா சின்னதா ஒண்ணு சரி பண்ணிருவோமா?” என்று அருகில் வந்தார்.

இராசம்மா எழுந்து குறுக்கே நின்றாள்.

“நல்லாத்தானே இருக்கு டாக்டர். பொட்டு வச்சிடாதீங்க.”

வைத்தியர் குழப்பத்தோடு அவள் நெற்றியைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால், சுவரில் தொங்கிய கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றே சாய்ந்திருந்தது. இரு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டேன்.