கையில் மண்ணோடு ஓர் இலக்கணப் பாடம்

படித்தவனைச் சாவுக்குப் போன இடத்தில் பேசச் சொல்லக் கூடாது. அதிலும், புதிதாக எதையோ கற்றுக்கொண்டு யாரிடம் சொல்லலாம் என்று அலைகிறவனைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட வேண்டும். அனுமந்தன்பட்டிக்காரர்களுக்கு இந்த ஞானம் என்னால் வந்தது.

அப்போது மலைமேல் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. மெட்ரிகுலேஷன் தேறிய தைரியத்தில் அங்கே துபாஷியாகச் சேர்ந்தேன். (துரை இங்கிலீஷில் திட்டுவதைத் தமிழில் மரியாதையாகச் சொல்லும் உத்தியோகம்.) டோனல் என்று ஓர் அயர்லாந்துக்காரன் ஓவர்சியராக வந்திருந்தான். என் வயதுதான். கூலியாட்கள் வாயில் அவன் ‘தானியேல் தொரை’. பெரிய திருநாள்களுக்கு என்னோடு மலையிறங்கி எங்கள் ஊர் மாதா கோயிலில் பூசை காண்பான். பிறகு என் அம்மா வைத்த குழம்பைக் கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சட்டி காலியாகும்வரை சாப்பிடுவான்.

அவன் ஊரில் அவர்கள் தலைமுறையாக உழுத நிலத்தை ஜமீன்தார் பிடுங்கிக்கொண்டு, வீட்டையும் இடித்துவிட்டாராம். அம்மாக்காரி யார் வீட்டிலோ ஒண்டியிருந்தாள். அந்த நிலத்தை மீட்கத்தான் இவன் கடல் தாண்டி வந்திருந்தான்.

இதையெல்லாம் கேட்டு மனம் உருக வேண்டியவன், “நிலத்துக்கு உங்க பாஷையில் என்ன?” என்று கேட்டேன். (என் புத்தி அப்படி.)

“தலவ்.”

எனக்கு வந்ததே வெறி! சமஸ்கிருதத்து ‘தல’, நம் தளம், இவன் தலவ், எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! இன்னும் துருவினேன். அந்தச் சொல் தனியாக நின்றால் ஆண்பாலாம். ‘நிலத்தினுடைய’ என்று வரும்போது ‘தலூன்’ என்று உருமாறிப் பெண்பாலாகிவிடுமாம். டோனலுக்கு இதில் ஓர் அதிசயமும் இல்லை. “எங்கம்மா அப்படித்தான் பேசுவாள்,” என்றான். நானோ கம்பம் சந்தை வரைக்கும் சொல்லித் திரிந்தேன். ஒரு வண்டிக்காரர் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் அவனுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. கட்டிலோடு தூக்கிவந்து எங்கள் வீட்டில் போட்டோம். கடைசியில் அவனிடமிருந்து இங்கிலீஷும் போய்விட்டது. தன் பாஷையிலேயே பிதற்றிக்கொண்டிருந்தான். அதில் எனக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். அது வரும்போதெல்லாம் “ஆமா, ஆமா” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் சொந்தக்காரர் முதல் பிடி மண் போடாமல் மற்றவர்கள் போட மாட்டார்கள். டோனலுக்கு ஏது சொந்தம்? பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்ததால் உபதேசியார்தான் அடக்கத்தை நடத்தினார். என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, மொதல் மண்ணு நீங்கதான். அதுக்கு முன்னாடி அவுகளப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க. மூட்டமா இருக்கு, சுருக்கா.”

ஊரே ஆளுக்கொரு பிடி மண்ணோடு குழியைச் சுற்றி நின்றது. நான் வேர்ச்சொல்லிலிருந்து ஆரம்பித்தேன். ஆண்பாலுக்கு வந்தபோது தூறல். பெண்பாலில் கொட்டியது.

“ஏலே, மண்ணப் போடுலே!” என்று கத்தினாள் அம்மா.

“விடு ஆத்தா, தொரை ஊரு மந்திரம் சொல்றாரு,” என்றார் பக்கத்தில் ஒருவர்.

“மந்திரமா? பாடம் நடத்துறாக! எங்கையில மண்ணு கூழாயிருச்சு!” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

எல்லார் முழங்கையிலும் சேறு வழிந்தது. குழியில் நீர் ஏறிப் பெட்டி மெல்ல அசைந்து மிதந்தது. இரண்டு பேர் குதித்து அமுக்கிப் பிடித்தார்கள்.

“தொரை ஊருக்குக் கெளம்பிட்டாக!” என்றான் எவனோ. சிலர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. பன்மை மிச்சமிருந்தது. பாடம் முடிந்தால் மண்ணைப் போட வேண்டும். போட்டுவிட்டால் அவன் செத்தது நிஜமாகிவிடும்.

அம்மா வந்து என் கையைக் குழிக்கு மேலே இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“பெத்தவ பக்கத்துல இல்லேங்கவும் பிள்ளையத் தண்ணியில விட்டுருவியாலே?”

சேறு சொட்டியது. அதற்குப் பிறகுதான் ஊரார் போட்டார்கள்.

கூழாயிருச்சு என்று கத்திய பெண்ணுக்கே பிறகு நான் தாலி கட்டினேன். சாப்பாட்டு நேரத்தில், கையில் எடுத்த கவளத்தோடு நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், “மொதல்ல போடுங்க, அப்புறம் பேசுவீக,” என்பாள். வீடே சிரிக்கும்.

கல்லறைத் திருநாளில் ஊரார் அவன் மேட்டிலும் ஒரு பிடி மண் போட்டு, “தலவ்” என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். அது அவன் ஊர் ஜெபம் என்று நினைப்பு. ஜெபமில்லை, பெயர்ச்சொல் என்று திருத்த ஒரு வருஷம் வாயைத் திறந்தேன். என் மனைவி குனிந்து ஒரு பிடி மண் எடுத்து என் கையில் வைத்தாள்.

“தலவ்,” என்று சொல்லிப் போட்டேன்.