யாருசாரும் மூன்று ஏழும்

மைசூரில் ஒருவரைப் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் "நீங்க யாருங்க?" என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் யாருசார்தான். முதல் தடவை பார்க்கும்போது கேட்டால் பரவாயில்லை. தினமும் கேட்பார். மூன்று வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பார். சம்பளம் கொடுக்கிற முதலாளியையே கேட்டிருக்கிறார்.

குவெம்பு நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். சின்னக் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். அவையெல்லாம் குடியிருக்கும் சர்வர் யாருசார் பொறுப்பு. ஹனூர் தாலுகா ராமாபுரத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது சின்னவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழிலும் சரி கன்னடத்திலும் சரி 'யாரு' யாருதான் என்பதால், எல்லோருக்கும் அந்தப் பெயரே வசதியாகப் போயிற்று.

என் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன் என்று பதினோரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு முப்பத்தெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் ஒரு வெப்சைட்டைத் தனியாக முடித்துக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி வீடு. என் கணவர் தினமும் "முடியலேன்னா விட்டுடும்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று ஆறுதல் சொல்வார். அந்த ஆறுதல்தான் எனக்குத் தாங்கவில்லை.

சேர்ந்த இரண்டாம் நாளே சர்வரில் ஒரு மென்பொருளை நிறுவப் பார்த்தேன். 'இந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. யாருசாரிடம் போய் நின்றேன்.

"நீங்க யாருங்க?"

"கோமதி சார். நேத்து சேர்ந்தேனே, நீங்ககூட டீ குடுத்தீங்களே!"

"அதில்லீங்க. சர்வருக்குள்ள யார் பேர்ல போயிருக்கறீங்க?"

அப்புறம்தான் புரிந்தது. சர்வருக்குள் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. நான் செய்த ஃபோல்டர் என் பெயரில் இருக்கும். வெப்சைட் மென்பொருளோ வேறொரு பெயரில் ஓடும். என் ஃபோல்டருக்குள் எழுத முடியாமல் அது வெளியே நின்று கத்தும். சொந்தக்காரர் பெயரை மாற்றினால் தீர்ந்தது. இதற்குச் சோம்பேறி வைத்தியமும் ஒன்று உண்டு. சொந்தக்காரருக்கு ஒன்று, டீம்காரருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று 777, மூன்று ஏழு போட்டால் யார் வேண்டுமானாலும் வரலாம், எழுதலாம், அழிக்கலாம். ஆபீஸில் எல்லோரும் திருட்டுத்தனமாக அதைத்தான் போடுவார்கள். கண்டுபிடித்தால் யாருசார் திட்ட மாட்டார். சீட்டருகே வந்து வருத்தமாக நிற்பார்.

"ஏனுங்க, உங்க ஊட்டு பாத்ரூமுக்கு இப்படித்தான் கதவே இல்லாம உட்டுருக்கறீங்களா?"

சர்வரோடு இந்த வியாதி நின்றிருந்தால் தேவலை. ஆபீஸ் ஃப்ரிட்ஜில் இருக்கும் அவர் டிபன் பாக்ஸில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: 'சொந்தக்காரர்: நான். டீம்காரர்: கேட்டுவிட்டு எடுக்கலாம். மற்றவர்: மோந்து பார்க்கலாம்.' ஸ்கூட்டரைக் கேட்டால் "உக்காந்து பாத்துக்கங்க, ஓட்டறதுக்கு இல்லீங்க" என்பார். ஒருமுறை யாரோ ஒரு வாடிக்கையாளர் பெரிய மைசூர்பாகு டப்பா அனுப்பியிருந்தார். "இது யார் பேர்ல வந்துருக்குதுங்க?" என்று இவர் ஒவ்வொரு சீட்டாகப் போய் விசாரித்து முடிப்பதற்குள் டப்பாவில் நெய் மட்டும்தான் மிச்சம்.

அடுத்தவர் பொருளைத் தொட மாட்டார். அதில் கீபோர்டும் சேர்த்தி. உங்கள் சீட்டுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், வாயால் சொல்வார், நீங்கள்தான் அடிக்க வேண்டும். அவசரத்தில் இருக்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. நஞ்சன்கூடு பக்கத்தில் பாக்குமட்டைத் தட்டு செய்யும் பெண்கள் குழுவின் வெப்சைட்தான் என் பரீட்சை. மூன்று மணிக்கு அவர்களே பஸ் பிடித்துப் பார்க்க வருகிறார்கள். பதினொன்றரைக்கு அதே பழைய 'அனுமதி இல்லை'. யாருசார் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருந்தார். வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று முதலாளி எங்கள் எல்லோருக்கும் சர்வரின் பெரிய சாவியையே, அதாவது எதையும் செய்யக்கூடிய பாஸ்வேர்டையே, கொடுத்திருந்தார். எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ, மூன்று ஏழைப் போட்டேன். போட்டது என் ஃபோல்டரில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சர்வரின் தலையிலேயே போட்டுவிட்டேன்.

அய்யோ தேவ்ரே! சர்வரில் இருந்த அத்தனை கதவும் 'ஆ'வென்று திறந்துகொண்டன. எல்லாம் திறந்தால் எல்லோரும் உள்ளே போகலாம் என்றுதானே நினைப்போம்? இல்லை. சாவி வைக்கிற இடமே திறந்து கிடந்தால் சர்வர் எந்தச் சாவியையும் நம்பாதாம். ஆபீஸில் ஒருவராலும் நுழைய முடியவில்லை. அத்தனை வாடிக்கையாளர்களின் வெப்சைட்டும் உள்ளே இருக்கிறது, அது வழியாக எவன் புகுந்து கை வைத்தாலும் தடுக்க ஆளில்லை. நான் கைப்பையில் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போக வேண்டியதுதானே!

யாருசார் வந்தார். விஷயம் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கேட்டது ஒன்றே ஒன்று.

"நீங்க உள்ள போன ஜன்னலு திரையில இன்னும் தொறந்துருக்குதுங்களா?"

"இருக்கு சார்."

"மூடிப்போடாதீங்க! இனி உள்ள இருக்கற ஒரே ஆளு நீங்கதானுங்க."

லேப்டாப்பின் வயரை யாரும் மிதித்துவிடாதபடி ப்ளக்குக்கு முன்னால் நாற்காலியைப் போட்டார். பிறகு என் பின்னால் வந்து நின்றார்.

"சார், நீங்களே உக்காருங்க. என்னால முடியாது."

"முடியுமுங்க. மெதுவா அடிங்க."

முதலில் சாவி இருக்கும் ஃபோல்டரை மூடினோம். பிறகு ஒவ்வொன்றாக. எழுத்து தப்பும். அழித்துவிட்டு மறுபடி அடிப்பேன். நடுவில் கண்ணில் தண்ணீர் வந்து திரை தெரியவில்லை. அப்போது அவர் கை ஒருதரம் கீபோர்டு வரைக்கும் வந்தது. நின்றது. திரும்பிப் போய்க் கட்டிக்கொண்டது. "அவசரமில்லீங்க, தொடைச்சுப்போட்டு அடிங்க" என்றார்.

இரண்டேகாலுக்கு மற்றவர்கள் உள்ளே நுழைய முடிந்தது. இரண்டரைக்கு என் ஃபோல்டரின் சொந்தக்காரர் பெயரை ஒழுங்காக மாற்றி, மென்பொருளையும் நிறுவினேன். மூன்று மணிக்கு வந்த பெண்கள் தங்கள் தட்டுகளைத் திரையில் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் முதலாளி கதவைச் சாத்தினார். "யாரு மாடித்து இதன்ன?" என்று கேட்டார்.

செய்தது யார் என்று கேட்டால் என்ன சொல்வது? எழுந்து நின்றேன். "நான்தான் சார்."

"சரி மாடித்து யாரு?"

சரி செய்தது யாருசார்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அதூ அவரே சார். நான் கீபோர்டு முட்டேயில்ல."

சரி செய்ததும் இவர்தான், தான் கீபோர்டைத் தொடவே இல்லை என்கிறார். பொய்யில்லை, சத்தியமாகத் தொடவில்லை. ஆபீஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததே! முதலாளி பெரிய சாவியை அன்றைக்கே எல்லோரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டார். நான்காம் நாள் நிரந்தர வேலைக்கான கடிதம் என் மேஜையில் இருந்தது.

இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். சர்வர் பழகப் பழக ஒன்று தெரிந்தது. அன்றைக்கு அவர் உட்கார்ந்து அடித்திருந்தால் எல்லாம் இருபது நிமிஷத்து வேலை. அத்தனை வெப்சைட்டும் திறந்து கிடக்க, உள்ளுக்குள் பதறிக்கொண்டே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் மகராசன்.