பக்கத்துக்கு நூற்றெட்டு போற்றி

முருகன் துணை

கார்டன் ரீச்,
9-3-2003, ஞாயிறு

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு, தங்கை சௌந்தரம் பணிவுடன் எழுதிக்கொண்டது. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே உள்ள சுகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு எங்கள் படுக்கையறையில் இருந்தவர்கள்: கட்டிலில் நான், மடியில் இருபத்துநாலு நாள் பாப்பா, நாற்காலியில் என் மாமியார், ஜன்னலோரம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மித்ரா பௌதி (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்), எனக்கு எதிரே முக்காலியில், தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தரும் சுதபா தீதி. கதவுக்கு வெளியே இவர், காதை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு. இத்தனை பேருக்கு நடுவில் ரவிக்கையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா. போனில் சொல்லலாம் என்றால் போன் அத்தையின் தலைமாட்டில் இருக்கிறது.

பாப்பா பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். நேற்று இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது. ஏற வேண்டிய பிள்ளை இறங்கிக்கொண்டிருக்கிறாள். குடித்த வாய் காய்வதற்குள் அழுகிறாள், தன் கையையே சப்புகிறாள். அத்தை போன வாரமே பால்பவுடர் டப்பா வாங்கிவரச் செய்து பீரோமேல் வைத்துவிட்டார். "உங்க குடும்பத்துலயே பால் கம்மி போல" என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. நீ பால் கொடுத்து வளர்த்த மூன்றையும் நினைத்துக்கொண்டேன். டப்பாவைப் பிரிப்பதற்கு முன் ஒரு ஆளைக் கேட்போம் என்று பௌதிதான் சுதபா தீதியைக் கூட்டிவந்தாள். முன்பு நர்ஸ், இப்போது வீடு வீடாகப் போய் இதையே வேலையாகச் செய்கிறார்.

"இதுக்கு ஒரு வாத்தியாரா? மாட்டுக்கும் ஆட்டுக்கும் யாரு வந்து சொல்லிக்குடுத்தா?" என்றார் அத்தை. நல்லவேளை, தமிழ். என்ன சொல்கிறார் என்று பௌதி கேட்டாள். வரவேற்கிறார் என்று சொன்னேன்.

தீதி பைக்குள்ளிருந்து நூலில் பின்னிய மார்பு ஒன்றை எடுத்து, பிள்ளை காம்பை மட்டும் கவ்வக்கூடாது, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகவேண்டும், மோவாய் பதியவேண்டும் என்று ஹிந்தியில் சொல்லிக் காட்டிவிட்டு அதை டீப்பாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்து இவர் மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொண்டே டீயோடு உள்ளே வந்தார், கெட்டிலை வைத்தார், கைக்குத் தட்டுப்பட்டதைச் சூடு ஆறாமலிருக்கப் போடும் உறை என்று நினைத்து கெட்டிலின் தலையில் கவிழ்த்துவிட்டு, திருப்பிய தலையோடேயே போய்விட்டார். யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பாப்பா பிடிப்பது சரியாகத்தான் இருக்கிறது, பாலும் இருக்கிறது என்றார் தீதி. "பிறகு ஏன் எடை ஏறவில்லை? ஏதாவது எழுதி வைத்திருக்கிறாயா?"

இந்தக் கேள்விக்காகத்தானே அக்கா இருபத்துநாலு நாளாகக் காத்திருந்தேன். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவள், மளிகைக்கடைச் சிட்டையைப் பார்த்துக் கணக்கெழுதப் படித்தவள், என் நோட்டைக் குறைசொல்ல ஆளில்லை. எத்தனை நிமிடம் குடித்தாள் என்று இடது ஒரு பத்தி, வலது ஒரு பத்தி, அடியில் கூட்டல். ஒரு நாள்கூட இரண்டுக்கும் ஒரு நிமிடம் வித்தியாசம் கிடையாது. எப்படி இவ்வளவு கச்சிதம் என்று கேட்டார். முருகன் போற்றி என்றேன். இந்தப் பக்கம் நூற்றெட்டு போற்றி, முடிந்ததும் பிள்ளையை எடுத்து அந்தப் பக்கம் நூற்றெட்டு. பால் குடிக்கும்போதே நாமமும் காதில் விழட்டும் என்று ஆரம்பித்தது.

தீதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பத்தியில் இறங்கினார். முதல் வாரம் ஒன்பது நிமிடம். அடுத்த வாரம் ஏழு. அப்புறம் ஐந்து. வெள்ளிக்கிழமை நாலு.

"எந்த ரயிலைப் பிடிக்க இப்படி ஓடினாய்?" என்றார்.

பயம் அக்கா. பிள்ளை அழ அழ பயம் ஏறிற்று, பயம் ஏற ஏற போற்றி வேகமாக ஓடிற்று, போற்றி ஓட ஓட பிள்ளைக்குப் பால் குறைந்தது, அதற்கும் சேர்த்து நான் முருகனைத்தான் கூப்பிட்டேன். முதலில் வருவது தண்ணீர்ப் பாலாம், போகப்போகத்தான் கொழுப்பு கூடுமாம். "கசப்புக் கறியைப் பரிமாறிவிட்டு மீன் வருவதற்குள் தட்டைத் தூக்கியிருக்கிறாய்" என்றார், இவர்கள் சாப்பாடு கசப்பில்தான் ஆரம்பிக்கும். நாங்கள் மீன் தொடுவதில்லை என்று அத்தை நடுவில் தெரிவித்தார்.

இனி எண்ணக்கூடாது, எழுதக்கூடாது, அவளாக விடும்வரை எடுக்கக்கூடாது. அடுத்த சனிக்கிழமை தராசு. நூற்றைம்பது கிராமாவது ஏறவில்லையென்றால் டாக்டரைக் கேட்டு டப்பாவைப் பிரிக்கவேண்டியதுதான் என்று தீதியே சொல்லிவிட்டு, என் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நேற்றிலிருந்து எவ்வளவு குடித்தாள், எப்போது குடித்தாள், ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனசுக்குள் சொன்னாலும் நூற்றெட்டு வந்ததும் கை தானாகப் பிள்ளையைப் பிடுங்கப் போகிறது. கும்பிடுகிற சாமி பேரைச் சொல்லிச் சொல்லியே பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பூஜை மாடத்துக்கு விளக்கேற்றும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அக்கா. அழுதால் பால் வற்றும் என்று அத்தை சொன்னதிலிருந்து அழவும் வழியில்லை.

ஒன்பதாம் மாதம் ரயிலேறக்கூடாது என்று டாக்டர் தடுத்ததால்தான் உன்னிடம் வராமல் இங்கே பெற்றேன். இப்போது நீ வா. சாதனாவுக்குப் பரீட்சை என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். டப்பாவைப் பிரிக்கிற அன்றைக்கு நம் பக்கத்து ஆள் ஒருத்தராவது கூட நிற்கவேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவர்கள் இருவருக்கும் அன்பு. சாதனாவுக்கு என் ஆசி. நான் இருக்கும் லட்சணத்தில் அது பலிக்குமோ என்னவோ, நீயும் சேர்த்து ஒன்று சொல்லிவை.

இப்படிக்கு,
சௌந்தரம்

பி.கு. 15-3, சனி. கடிதம் இன்னும் தபாலுக்குப் போகவில்லை. உறையை ஒட்ட உட்காரும்போதெல்லாம் பாப்பா கூப்பிட்டுவிட்டாள். இன்று தீதி தராசோடு வந்தார். மூன்று கிலோ அறுபது. நம்பாமல் இரண்டாவது தடவையும் வைக்கச் சொன்னேன், அதே மூன்று கிலோ அறுபது கிராம். ஆகவே மேலே எழுதியது ஒன்றும் இனிச் செல்லாது. நீ வரவேண்டாம், சாதனாவைப் பார்த்துக்கொள். வேறு எழுத நேரமில்லாமல் இதையே அனுப்புகிறேன். நேரமில்லாத காரணம், அவளாக விடும்வரை எடுக்காதே என்றார்கள், அவள் விடுவதாக இல்லை. அத்தை பருப்பை வேகவைக்கும்போது இடது பக்கம் பிடித்தவள், குழம்பு கொதித்து ரசமும் இறக்கியாகிவிட்டது, இன்னும் குடிக்கிறாள். வலது பக்கம் கல்லாகக் கனக்கிறது. உன் பிள்ளைகள் இப்படிக் குடித்தார்களா? நடுவில் எடுத்து மாற்றலாமா, கூடாதா? பதில் சீக்கிரம் போடு.